ஒருவேளை

தார்த்து நகரில் ஆறு உறைந்துவிட்ட ஜனவரி.
எஸ்தோனியர்களின் சண்டைகளுக்கு
மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
எண் போட்டுக்கொண்டிருந்தாள் ஹில்யா.

கடலில் காற்றாலை வேண்டும், வேண்டாம்;
தீவுப் பள்ளியை மூடலாம், மூடக்கூடாது;
ஊர்க்கூட்டங்களின் எழுத்துப்படிகள்,
மூவாயிரத்துச் சொச்சம் வாக்குவாதங்கள்.
கடைசியில் மனம் மாறியவருக்கு
ஒன்று.
மாறாதவருக்குச் சைபர்.

பதினொரு நாள் மென்றுவிட்டு மாதிரி சொன்னது:
எதிராளியின் சொற்களையே திருப்பி வீசுகிறவர் தோற்கிறார்.
புதுச்சொல் கொண்டுவருகிறவருக்குக் கொஞ்சம் வாய்ப்பு.
நான்காம் பதிலுக்குப் பிறகு
அடிமேல் அடி விழுந்தும் அம்மி நகர்வதில்லை.
எல்லாவற்றையும்விட எடை மிகுந்த சொல்
"ஒருவேளை".

எழுபத்தொரு விழுக்காடு சரி.
யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.

அன்றிரவு வீட்டில் ராய்கோவுடன் பழைய வழக்கு:
ஐந்து வருடமாய்த் தார்ப்பாயின் கீழ் கிடக்கும் படகை
விற்பதா.
ஹில்யா "ஒருவேளை" என்று தொடங்கினாள்.
சின்னதாக ஒன்றை விட்டுக்கொடுத்தாள்,
கொட்டகை வாடகையை யூரோவில் சொன்னாள்,
இதுவரை அந்தச் சண்டைக்குள் வந்தேயிராத
"பூஞ்சணம்" என்ற சொல்லை நடுவில் வைத்தாள்.
மூன்றாம் பதிலில் அவன்,
சரி, விற்றுவிடலாம் என்றான்.

முட்டைக்கோஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
பக்கத்து மாணவியின் தாளைப் பார்த்து எழுதித்
தேறிவிட்டவள்போல
கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.
பாத்திரம் கழுவும்போது சொல்லியும்விட்டாள்:
பேசியது நான் இல்லை, என் அட்டவணை.

"அட்டவணையா" என்றான் தட்டைத் துடைத்தபடி.
"பதினான்கு வருடத்தில் உன் வாயில்
ஒருவேளை வந்ததே இல்லை.
வெயிலடிக்கும்போதும் மழை வருமென்று அடித்துச் சொல்கிறவள்.
இன்றைக்குக் குரல் இறங்கியதும்
ஏதோ மருத்துவமனைச் செய்தியை மறைக்கிறாய் என்று
வயிறு கலங்கிவிட்டது எனக்கு.
படகு போனால் போகிறது என்று விட்டேன்."

மறுநாள் காலை
அவனை எந்த எண்ணில் எழுதுவது?
மாறினான். ஆகவே ஒன்று.
ஆனால் வாதத்தாலா?
யார் யாரிடம், எத்தனை வருடமாய்,
எதற்குப் பயந்து...
மூவாயிரத்துச் சொச்சம் வரிகளிலும்
அப்படியொரு கட்டம் இல்லை.
ஒரு புதிய நெடுவரிசையைத் திறந்தாள், தலைப்பில்லாமல்.
கணினி கேட்டது: வெற்றிடங்களை நீக்கிவிடவா?

கீழே பனி வாரும் வண்டி உறுமிப் போனது.
கைபேசியில் ராய்கோ:
விளம்பரத்துக்குப் படம் எடுத்துவிட்டேன், விலை என்ன போட?
அவள் பதில் அடித்தாள்,
ஒருவேளை கிருவேளை எதுவும் இல்லாமல்:
விற்காதே.