கொள்ளளவு

சணல் என்றதும்
பூக்கும்போது உழுது மண்ணில் மடிக்கிற
மஞ்சள் சணலைத்தான் நினைத்தார்கள்.
"இது அது இல்லை, சாக்குச் சணல்" என்று
வன்னேரிக்குளம் பொதுநோக்கு மண்டபத்தில்
மூன்று தரம் சொன்னேன்.
விதை இலவசம். நாருக்கு உத்தரவாத விலை.
தண்டு ஊறப்போடக் குழி வெட்டினால்
செலவில் பாதி மானியம்.
ஒலிவாங்கி இரைந்தது.
இருபத்திரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள்,
ஒருவர் பெருவிரல்.

சித்திரையில் வரவேண்டிய விதை
வைகாசிக் கடைசியில் வந்தது,
பொலித்தீன் சாக்கில்.
அதை முதலில் கண்டு சிரித்தவர் மரியநேசன்.

ஆவணியில் தண்டு ஆளுயரம் தாண்டி நின்றது.
குளம் கணுக்கால் மட்டும்.
அந்தக் கிழமைதான் நீர்ப்பாசனத்தார் கடிதம்:
குளத்தில் சணல் ஊறப்போடுவது
தண்டனைக்குரிய குற்றம்.
விதை தந்த கடிதத்தையும் இதையும்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
இரண்டின் தலையிலும் ஒரே சிங்கம்.

குழி அளக்கப் போனேன்.
பதினான்கு வீட்டில் குழி இல்லை;
சணல் வேலியோரம் விறகாய்க் கிடந்தது.
நார் ஏற்ற வருவதாய்ச் சொன்ன லொறியைக் கேட்டார்கள்.
டயர் என்றேன், டெண்டர் என்றேன்.
"சாக்குக்கு எண்டுதானே நட்டனாங்கள்,
நீங்கள் சாக்கு மட்டும் கொண்டுவாறியள்"
என்றார் மரியநேசன்.
இந்தமுறை சிரிக்கவில்லை.

தவமலர் வீட்டில் நாற்றம் படலையிலேயே வந்தது,
அழுகிய முட்டையும் மாட்டுக்கொட்டிலும் சேர்ந்த மாதிரி.
பின்வளவில் பாலைமரத்தடியில்
நீலத் தறப்பாள் விரித்து,
பவுசர் தண்ணீர் விட்டு,
கட்டுக் கட்டாய்ச் சணல் அமிழ்த்தி
மேலே தென்னங்குற்றி.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
ஒரு தண்டை முறித்துச் சுண்டி இழுத்தா.
தேன் நிறத்தில் நார்
பாம்புச் செட்டைபோல் முழுதாய்க் கழன்று வந்தது.

நல்ல குழி.
நாடாவை விரித்தேன்.
படிவத்தில் நீளம், அகலம், ஆழம் என்று மூன்றே பெட்டி.
இந்தக் குழிக்கு இரண்டு நீளம் இருந்தது.
பாதியில் வளைந்து
'ட' எழுத்துப்போல் கிடந்தது.
"ஏன் வளைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.
கேட்டபிறகுதான் விளங்கியது.
நானும் அப்படியொன்றுக்குள்
பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு இருந்தவன்தான்.
ஒரு பக்கம் விழுந்தால்
மற்றப் பக்கம் தப்பும்.

ஒன்றும் பேசாமல்
பால்மா டின்னால் தண்ணீர் அள்ளித்
தோளில் ஊற்றிக்கொண்டா.
குழியைத் துப்புரவாக்கும்போது எடுத்ததாம், அந்த டின்.

சுற்றறிக்கை, பந்தி ஏழு:
ஏற்கனவே உள்ள குழிக்கு மானியம் வழங்கப்படமாட்டாது.
வெட்டிய திகதி என்ற இடத்தில்
பேனை நின்றது.
"புதுக்குழி எண்டே எழுதுங்கோ தம்பி.
பழசு எண்டால்
அதுக்கு வேறை ஃபோம் ஒண்டு கொண்டு வருவாங்கள்.
அதிலை கேக்கிறதுக்கெல்லாம்
என்னட்டை மறுமொழி இல்லை."

ஆவணி மூன்று என்று எழுதினேன்.
என் உத்தியோகத்தில் முதல் பொய்,
எழுத்து மட்டும் வழக்கத்தைவிட வடிவாய் விழுந்தது.

அடுத்த பெட்டி: கொள்ளளவு.
லீற்றர் கணக்கில் கேட்டேன்.
அவ தலை நிமிராமல்
அடுத்த தண்டை முறித்தபடி சொன்னா:
"மூண்டு பேருக்கெண்டு வெட்டினது.
நெருக்கி இருந்தால் ஒன்பது."

பெருக்கி வகுத்து
ஏதோ ஒரு தொகை போட்டேன்.
கோப்பு கச்சேரிக்குப் போய் இரண்டு மாதம்.
மானியம் இன்னும் வரவில்லை.
லிகிதர் நேற்றுத் தொலைபேசியில் கேட்டார்,
இந்த ஒரு படிவம் மட்டும்
ஏன் இப்படி மணக்குது என்று.