இருநூற்று நாற்பத்தொன்பது

குமுளியில் சாக்கோச்சன்
ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்,
பேட்டரியோடு.
"இத்தனை எடைக்குக் காயானால்
அறுநூறு ரூபா கிட்டும்" என்றார்.

இருநூற்றைம்பதைத் தாண்டினால்
உரிமம், பரீட்சை, கோச்சிங்.
தாண்டாவிட்டாலும் எண் வேண்டும்.

படிவம் கேட்டது பெயர், முகவரி, மாநிலம்.
இன்னாசி, ராயப்பன்பட்டி, தமிழ்நாடு.
போன மாதம் மலைக்காற்றில்
செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்
எவருடைய தோட்டத்தின் மேலோ
இரண்டு நிமிடம் நின்றதே,
அதை எழுதக் கட்டம் இல்லை.

எண் வந்தது.
அச்சடித்து வயிற்றில் ஒட்டி
மேலே செல்லோடேப்.
மறுபடி தராசு:
இருநூற்றைம்பத்தொன்று.

சாக்கோச்சன் சிரித்த சிரிப்பில்
சாக்கின் மேல் கிடந்த பூனை எழுந்து போனது.

முதுகில் தங்க நிறத்தில்
'இன்னாசி ஸ்டுடியோ'.
நகத்தால் சுரண்டினேன்.
இ போனது.
ன் புள்ளியோடு போனது.
னா, சி.
ஸ்டு வரைக்கும் வந்ததும்
தராசு மனம் இறங்கியது.
"மிச்சம் இருந்தோட்டே."

இனி டெல்லிக்குத் தெரியும்
இது யாருடையதென்று.

நாளை லோயர்கேம்ப்பில் ஒரு நிச்சயம்.
இறங்கியதும் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்கும்:
"டியோன்னா என்னண்ணே?"