ஏற்கெனவே

பதினேழு வருடமாகத் தொலைபேசியில்
இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவந்தேன்,
மரியாதையாகத்தான்:
"அதை நாங்க ஏற்கெனவே செய்றோம்மா."

கீழ்ப்பாக்கத்தில் மாடியில் எங்கள் அலுவலகம்.
பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுத
ஸ்கிரைப் அனுப்புகிற வேலை.
சுவரில் சென்னை வரைபடம்.
ஆள் இருக்கும் இடமெல்லாம் பச்சைக் குண்டூசி.
நன்கொடை தருபவர்களை
அதன் முன்னால் நிற்கவைத்துத்தான் படமெடுப்போம்.

போன ஆடியில் எர்ணாவூரிலிருந்து
தேவகிருபை என்றொரு பெண் கூப்பிட்டாள்.
ஜெராக்ஸ் கடையில் வேலையாம்.
எட்டுப் பேரைச் சேர்த்திருக்கிறாளாம்,
பரீட்சை எழுதித்தர.
எப்படி ஆரம்பிக்கிறது சார் என்றாள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் பச்சையாக ஒன்று இருந்தது.
சொன்னேன், வழக்கமான வாக்கியத்தை.
"அப்படீங்களா, ரொம்ப நல்லதுங்க."
அந்தக் குரலில் இருந்தது நிம்மதி என்று
நானே முடிவுசெய்துகொண்டு
டீ குடிக்க இறங்கினேன்.

ஏப்ரலில் ஒரு காலை, எட்டேகால்.
பி.ஏ. வரலாறு, நாலாவது செமஸ்டர்.
"ஸ்கிரைப் இன்னும் வரல சார்" என்றான் கஜபதி.
எர்ணாவூர்.
அந்தப் பச்சைக் குண்டூசியின் பெயர் சம்பத்.
ஓசூருக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருடம்.
யாரும் பிடுங்கவில்லை.

நானே ஸ்கூட்டரை எடுத்தேன்.
துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும்
கன்டெய்னர் லாரிகளின் வரிசை
திருவொற்றியூரில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது.
போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால்.
கேட் பத்தரைக்கே மூடியாயிற்று.

காம்பவுண்ட் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.
கோபப்பட்டிருக்கலாம்.
உள்ளே போன சிநேகிதன் ஜன்னல் வழியே
முதல் கேள்வியை எட்டிச் சொல்லியிருக்கிறான் போல.
"ஏழு பாயின்ட் சார் இதுக்கு" என்று
ஒவ்வொன்றாகச் சொன்னான்,
காற்புள்ளி எங்கே என்பது உட்பட.
என் கையில் பேனா இருந்தது.
எழுத இடந்தான் இல்லை.

ஜெராக்ஸ் கடை
அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு.
விரலெல்லாம் டோனர் கருப்போடு
தேவகிருபை ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்,
பாழாய்ப்போன பிரதி ஒன்றின் பின்பக்கம்:
தாட்சாயணி, மதியம் மட்டும்.
அந்தோணிதாஸ், நைட் ஷிப்ட் வாரம் தவிர.
பர்வீன், எழுத்து கோணல், ஆனா வேகம்.
"நீங்க செய்றீங்கன்னீங்க, அதான் விட்டுட்டோம்."
குறை சொல்லவில்லை அவள்.
அடுத்த ஆளுக்கு ஆதார் பிரதி எடுக்கத் திரும்பினாள்.

திரும்பி வந்து சம்பத்தைப் பிடுங்கினேன்.
நாங்கள் போகாத இடங்களுக்குச் சிவப்புக் குண்டூசி வேண்டும் என்றேன்.
"ஓட்டையைக் காட்டினா நிதி வருமாய்யா?" என்றார் டிரஸ்டி.
இரண்டு கூட்டம் நடந்தது.
ஆள் கேட்டு வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு,
போக முடியாதவை நூற்று அறுபத்து மூன்று.
குத்திவிட்டோம்.
பெரிய இடத்து ஆட்கள் வரும் நாளில் மட்டும்
வடசென்னை மேல் யாரோ காலண்டரை மாட்டிவிடுகிறார்கள்.
நான் கழற்றுகிறேன்.
மறுபடி மாட்டுகிறார்கள்.

இன்று பள்ளிக்கரணையிலிருந்து அழைப்பு.
நாலே பேர்தானாம், ஆரம்பிக்கலாமா என்று.
பழைய சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.
"நாங்களும் செய்றோம். பத்தலை.
எங்ககூடச் சேரலாம், சேராமலும் செய்யலாம்.
அனுமதிக் கடிதத்தோட மாதிரி அனுப்பறேன்.
எங்கெங்க சொதப்பினோம்னும் அனுப்பறேன்,
அது கொஞ்சம் நீளம்."

மறுமுனையில் தயக்கம்.
"அப்ப நாங்க செஞ்சா தப்பில்லையே சார்?"

இந்தக் கேள்வி இந்த ஊருக்குள்
எந்த மாடியிலிருந்து இறங்கிப் போனது என்று
எனக்குத் தெரியும்.

"ஆளுக்கு ரெண்டு பேனா வெச்சுக்கச் சொல்லுங்க" என்றேன்.
நீலமா கருப்பா என்று கேட்டாள்.