நூற்றுக்கு மேல் எண்ணத் தெரியாது

குருத்தோலை ஞாயிறு.
உருவாப்பன் சதுக்கம் முழுக்க நீலத் தார்ப்பாய்.
அதனடியில் எல்லார் முகமும்
கொஞ்சம் தண்ணீருக்குள் இருந்தது.

செம்புக் குடம் ஒன்றைச் சுண்டிப் பார்த்தேன்.
பராச்சோ கித்தாரில் ஒரே ஒரு நரம்பை
மீட்டிவிட்டு நகர்ந்தேன், கடைக்காரர் திரும்புமுன்.
அரக்குத் தட்டில் என் விரல்ரேகை பதிந்ததும்
துடைத்து வைத்தேன்.
விமானத்தில் ஏழு கிலோதான்.
மூன்று வாரத்தில்
அழகை நிறுத்துப் பார்க்கிறவளாகிவிட்டேன்.
பையில் கொக்கித் தராசு வேறு,
உள்ளங்கை அளவு, பேட்டரி போட்டது.

ஒகுமிச்சோவிலிருந்து வந்த பெண்களின் வரிசையில்
கால் தானாக நின்றது.
பாய் நிறையக் களிமண் சாத்தான்கள்.
பல் பிடுங்கக் கொடுத்துவிட்டு அலறும் சாத்தான்.
தர்பூசணிக்குள் மாட்டிக்கொண்ட சாத்தான்.
ஒரு பேருந்து: ஓட்டுநர் சாத்தான், நடத்துநர் சாத்தான்,
கூரைமேல் கோழிக்கூண்டோடு இரண்டு,
கடைசி சீட்டில் மட்டும் ஒரு கன்னியாஸ்திரி
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

பேருந்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன்.
ஒன்று புள்ளி நான்கு.
பிறகுதான் விலை கேட்டேன்.

ஸ்பானிஷில் எனக்கு நூறு வரைதான் எண்ண வரும்.
அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் சிரிப்பேன்.
ஹெர்மெலிந்தா என்னவோ சொன்னாள்.
சிரித்தேன்.
காது கேட்காதவளுக்குச் சொல்வதுபோல்
நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.
இன்னும் நன்றாகச் சிரித்தேன்.

பின்னால் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த யுனுவென்
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
480 என்று எழுதி நீட்டினாள்.
பென்சிலை வாங்கிக் கீழே 300 போட்டேன்.
சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள்.
என் முந்நூறின்மேல் பெரிதாக ஒரு தப்புக்குறி.
பள்ளியில்கூட இவ்வளவு அழகாக
யாரும் எனக்குத் தப்புப் போட்டதில்லை.

அம்மாவும் மகளும் புரேபெச்சாவில் பேசிக்கொண்டார்கள்.
ஒரு சொல்லும் புரியவில்லை,
என்னைப் பற்றி என்பதைத் தவிர.
ஹெர்மெலிந்தாவின் பார்வை
தொப்பியில் தொடங்கி, கேமரா வாரில் இறங்கி,
செருப்பில் கொஞ்சம் தங்கி,
கொக்கித் தராசில் வந்து நின்றது.
தையல்காரர் நாடா இல்லாமல் அளவெடுப்பதுபோல.

பிறகு செய்தித்தாள் பொதி ஒன்றை அவிழ்த்தாள்.
உள்ளே அரைக்கால் சட்டை போட்ட சாத்தான்.
மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.
ஒரு கையில் வரைபடம், தலைகீழாக.
"ஹோலாந்தா" என்றாள் யுனுவென். போன வருஷத்து ஆள் போலிருக்கிறது.
நோட்டைத் திருப்பி அவள் வரையத் தொடங்கினாள்.
என் தொப்பி. தொப்பியைத் துளைத்துக்கொண்டு இரண்டு கொம்பு.
என் கை. கையில் கொக்கி.
கொக்கியில் குட்டிச் சாத்தான் ஒன்று
நாக்கைத் துருத்தியபடி எடைக்குத் தொங்கியது.
அவர்கள் ஊர்க் கோயிலிலும் மிக்கேல் சம்மனசு
தராசு வைத்திருப்பாராம். சைகையில் சொன்னாள்.
அவர் நிறுப்பது ஆன்மாவை.
கேட்காமலே விளங்கிற்று, நான் நிறுப்பது எதை என்று.
படத்தின் கீழே அடுத்த ஆண்டு.
அதன் கீழே 900.

நானூற்றெண்பதையும் எண்ணிக் கொடுத்தேன்.
விடுதிக் கட்டிலில் ஒரு ஜீன்ஸை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.
வழியில் நடத்துநரின் கொம்பு உடைந்தது.
அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று மறுபடி குருத்தோலை ஞாயிறு.
யாரோ குனிந்து
என்னை முந்நூறுக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.
குறைக்காதே, யுனுவென்.