பெக்கோவின் பல்லில்

மூன்று இலை, ஊதின தண்டு ஒன்று.
பொலித்தீன் பையில் தண்ணீரோடு முடிந்து
எண்பது ரூபாவுக்கு விற்றேன்.
பேர் கேட்டவர்களுக்கு
மிதவைத் தாமரை என்றேன்.
அந்த நேரம் வாயில் வந்த பேர்;
மருதனார்மடச் சந்தியில்
என் மீன்கடையைத் தாண்டி
எங்கேயும் அது செல்லாது.

வாங்கியது சுகிர்தன் வீடு.
கப்பி மீன் ஆறும் ஒரு கண்ணாடித் தொட்டியும்.
விசா வந்த கிழமை
தளபாடமெல்லாம் விலைப்பட்டது,
தொட்டியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.
"சாகவிட மனமில்லை அண்ணை,
எல்லாத்தையும் குளத்திலை விட்டிட்டம்."
நல்ல காரியம் என்றேன்.
உண்மையாகத்தான் சொன்னேன்.

கப்பிகளை முதல் மாதமே விரால் தின்றிருக்கும்.

அந்த மாரியில் ஒரு பாய் அகலம்.
அடுத்த மாரியில்
நாவலடிக் குளத்தில் தண்ணீரைக் காணவில்லை.
புல்லென்று கால் வைத்த பசு
கழுத்தளவு இறங்கிக் கதறியது.
ஊதாப் பூவின் முன் நின்று
கலியாணச் சோடிகள் படம் எடுத்தார்கள்.
மூச்செடுக்க மேலே வந்த விரால்
பச்சையில் முட்டி முட்டித் திரும்பியது.
பக்கத்துக் கிணறுகளில் அழுகல் மணம்.

கூட்டத்தில் சபை உறுப்பினர் சொன்னார்:
"இது வந்தேறி.
ஒரு வேர் மிஞ்சாமல் கிளப்ப வேணும்."
எல்லாரும் கைதட்டினோம்.
என் கை கொஞ்சம் பிந்தியது.
மூன்று தரம் இடம்பெயர்ந்து
போன ஊரெல்லாம் அந்தச் சொல் கேட்ட கை.
செடிக்கு அது பொருந்தும்தான்,
கிணற்றில் முகம் வைத்தால் தெரியும்.
ஆனாலும் அது நடந்தா வந்தது?
யார் கொண்டுவந்தது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பெக்கோ நாலு நாள் அள்ளியது.
கரையில் குவிந்தது
வெயிலில் கறுத்துச் சுருண்டது.
ஐந்தாம் நாள் கலங்கலாய்க் கொஞ்சம் வானம்
குளத்தில் கிடந்தது.
சாரதி ரஜீபனுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.
"அடுத்தது எங்கை தம்பி?"
"அளவெட்டிப் பக்கம் அண்ணை.
நல்ல குளம், தூர் வார மட்டும்தான்."

பெக்கோ ஒழுங்கையில் திரும்பியபோது கண்டேன்.
வாளியின் ஓரப் பல்லில்
மூன்று இலை, ஊதின தண்டு ஒன்று,
ஈரம் காயாமல்.

கூப்பிட்டேன், இரைச்சலில் கேட்கவில்லை.
மோட்டார்சைக்கிளை உதைத்தேன்.
முதல் உதைக்குப் பற்றவில்லை.