நாலாவது நிரை

நிலாவெளி ஹோட்டலில்,
புறாத்தீவுக்குப் படகு வருமுன்,
இருபது நிமிஷம் தந்தார் வீரக்கோன்.
காலில் நீச்சல் செருப்பு. தட்டில் பப்பாசி.
எட்டாவது சிலைட்டில் கேட்டார்:
"ரன்வே எத்தனை மாசம்?"

சீனன்குடாவில் வளர்ந்தவள் நான்.
ஓடுபாதை என்றால்
கம்பி வேலிக்கு அந்தப்பக்கம்,
விமானப்படையின் சொத்து,
கிட்ட நின்று பார்க்கக்கூடாதது.
வாய்வரை வந்ததை விழுங்கி
"நாலரை" என்றேன்.
(உண்மையில் மூன்று.
நஸ்மிலா சம்பளம் எடுக்காவிட்டால் நாலரை.)

மீன்பெட்டிக்குள் ஒரு சிம்,
தீப்பெட்டியளவு சாதனம்.
கொட்பேயில் ஏற்றிய கெலவல்லா
தம்புள்ளை தாண்டும்போது
பெட்டிக்குள் எத்தனை பாகை என்று
ஏற்றினவனின் போனுக்குச் சொல்லும்.
அவ்வளவுதான் எங்கள் கொம்பனி.
இருபத்திரண்டு லொறி,
கின்னியாவில் ஒரு வீட்டின் பின்னறை,
ஈயப்புகை.

அவருக்குப் பிடித்திருந்தது.
அறுபது லட்சம், இருபது வீதம்.
பிறகு பங்கு அட்டவணையை விரலால் பெருப்பித்து
நாலாவது நிரையில் நின்றார்.
"ஒன்றரை வீதம். இது யார்?"
"ஐஸ் கொம்பனியில் இரவு ஷிப்ட்."
சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.
"காசு வருமுன் இதைத் துப்புரவாக்கிவிடுங்கள்."

துப்புரவு.
பதினொரு மாதம்
குளிரறைக் கதவை எங்களுக்குத் திறந்துவிட்டவன்.
பதினேழு சாதனம் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்ததைப் பார்த்தவன்.
பதினெட்டாவது,
விடிய நாலு மணிக்குப் பச்சை விளக்கு காட்டியபோது
நாங்கள் இரண்டு பேரும் உப்புச் சாக்கில் சாய்ந்து தூங்கிப்போக,
படம் எடுத்து அனுப்பியவன்.
கையில் காசில்லாத நாளொன்றில்
ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம், ஒன்றரை என்று.
அது தாராளமா, தந்திரமா
இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

ஐம்பதாயிரத்தை உறையில் போட்டுக்கொண்டு
கொட்பே போனேன்.
ஏலம் முடிந்து தரை கழுவிக்கொண்டிருந்தார்கள்.
என்னைவிட இரண்டு வயது இளையவன்,
வெயிலுக்குள் ஜக்கெற்றோடு வந்தான்.
உறையைத் திறக்கவில்லை.
"அவர் ஒரு வீதத்தை என்ன விலைக்கு எடுக்கிறார்?"
"மூன்று லட்சம்."
"அப்ப என்ர?"

இவ்வளவு சின்னக் கேள்வி ஒன்றை
பப்பாசித் தட்டுக்கு முன்னால்
நான் ஒருதரமும் கேட்கவில்லை.
ஏன் இருபது, ஏன் பன்னிரண்டில்லை,
என் மூன்று வருஷத்தை எந்தத் தராசில் போட்டீர்கள்
என்றெல்லாம்.
நன்றி மட்டும் சொன்னேன், நாலுதரம்.

"விக்கிறதெண்டால் அந்த விலை" என்றான்.
"விக்காட்டில் கிடக்கட்டும்.
தாளை லெமினேற் பண்ணியாச்சு."
கதவு மூட, குளிர் புகையாக வந்து
கணுக்காலில் முட்டியது.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த
ஐந்தாண்டு வருமானக் கணிப்பைத் தின்றது.
விட்டுவிட்டேன்.
அந்தப் பக்கத்தை முழுதாக விழுங்கிய
முதல் ஆள்.

"அறுபது லட்சம் புள்ள" என்றாள் நஸ்மிலா, போனில்.
பிறகு வெகுநேரம் ஈயக்கோலின் சீறல் மட்டும்.
பிறகு:
"எழுதினது நாமதானே."

எம்.ஆர். என்று சுருக்கி வைத்திருந்ததை அழித்து
செபமாலை மரியறொபின்சன் என்று
முழுதாக அடித்தேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
நிரலை இழுத்து அகலமாக்கி
அனுப்பினேன்.

மூன்று நாளாகப் பதில் இல்லை.
பெட்டி ஒன்பது,
ஹபரணைக்குக் கிட்ட,
ஒன்று தசம் நாலு பாகை.
இன்னும் பழுதாகவில்லை.