எஃப் டிரைவ்

பிங் போகிறது. பதிலும் வருகிறது.
எக்ஸெல் மட்டும்
பாதை காணவில்லை என்கிறது,
திருத்துறைப்பூண்டி கடன் சங்கத்தில்,
மூன்றாம் நாளாக.

கேபிளை மாற்றினேன். சுவிட்சை அணைத்துப் போட்டேன்.
கிளையண்ட் பழசு,
எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்தால்
வாலை நறுக்கிவிடும். அதுவும் இல்லை.
ஆபீசைக் கழற்றி மறுபடி ஏற்றிய
மதியம் வீண்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்
சிட்டா அடங்கலோடு இடும்பாவனத்து அஞ்சம்மாள்:
"மேல தண்ணி இருக்கு, இங்க வரல, அதானே சார்?
எவனாச்சும் மடையத் திருப்பியிருப்பான்."

சிரித்தேன். பிறகு சிரிக்காமல்
ஒவ்வொரு எழுத்தாகத் திறந்தேன்.
சி. டி. ஈ.
எஃப்-இல்
மேனேஜர் மகள் கல்யாணம்,
நானூற்றுப் பன்னிரண்டு படம்.
காலையில் கிளையண்ட் விழிக்குமுன்பே
பென்டிரைவ் அந்த எழுத்தில் உட்கார்ந்துவிடுகிறது.
மூன்று நாளாய்
குறுவைக் கடன் பட்டியலை
பந்திக்கும் மாலைக்கும் நடுவே
தேடியிருக்கிறது எக்ஸெல்.

பிடுங்கினேன்.
சர்வருக்கு இசட் கொடுத்தேன்:
கடைசி எழுத்து, யாரும் வந்து குந்த மாட்டார்கள்.

"கடைசியா?" என்றாள் அஞ்சம்மாள்,
பாஸ்புக்கை நீட்டாமல்.
"அதுவரைக்கும் வந்து சேருமா?"